வாட்டமாத்தான்

டிரைவிங் ஸ்கூல் காரில் ஓட்டப் பழகுகிறவருக்கு ஒரு பிரேக் இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பவருக்கும் ஒரு பிரேக் இருக்கும். அந்த இரண்டாவது பிரேக்கை மிதித்தே பாதி ஆயுளைக் கழித்தவர் நம்முடைய மாஸ்டர். அவருடைய வலது கால் அதற்கே பழகிப்போய்விட்டது. பஸ்ஸில் போனாலும் மிதிக்கும், வீட்டு சோபாவில் சாய்ந்தபடி டிவியில் கார்கள் துரத்துவதைப் பார்த்தாலும் மிதிக்கும், தூக்கத்திலும் மிதிக்கும். "நடுவுல ஒரு தலையணை வைங்க, என் கால் தப்பிக்கட்டும்" என்பாள் அவர் மனைவி. பிரேக் மாஸ்டர் என்ற பெயர் அவரிடம் பழகியவர்கள் வைத்தது. அதுவே நிலைத்துவிட்டது.

காருக்குள் இருக்கும்வரை அவரைப் போலத் தெளிவான ஆள் கிடையாது. இடது என்றால் இடதுதான், நில் என்றால் நில்தான். காரை விட்டு இறங்கினால் போச்சு. சட்டை வாங்கப் போனால் கோடு போட்டதா கட்டம் போட்டதா என்று திருதிருவென விழிப்பார். கடைக்காரர் இரண்டையும் மடித்து உள்ளே வைத்த பிறகும் நின்றுகொண்டிருப்பார். இதில் முழுப் பழியையும் அவர்மேல் போடக்கூடாது. அவருக்கு ஓர் அக்கா இருந்தாள்.

அக்கா ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்பவள். எந்த வண்டி எத்தனையாவது பிளாட்பாரத்துக்கு வருகிறது, எது தாமதம் என்று ஒலிபெருக்கியில் வருமே, அந்தக் குரல். அந்தக் குரல் சொன்னால் ஆயிரம் பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறு பேச்சில்லாமல் அடுத்த பிளாட்பாரத்துக்கு நடப்பார்கள். வீட்டிலும் அதே குரல்தான். தம்பி என்ன படிக்க வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். "உனக்கு ஓட்ட வரும், ஆனா தனியா விட்டா வழி தெரியாம முழிப்பே, பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடு" என்று டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டதும் அவள்தான். "என்னைக்கூட அண்ணிதான் செலக்ட் பண்ணாங்க. இவர்கிட்ட விட்டிருந்தா இன்னும் யோசிச்சுக்கிட்டு இருப்பார்" என்று அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அதை மாஸ்டர் மறுத்ததில்லை.

அப்படிப்பட்ட அக்கா மாடிப்படியில் கால் தவறி விழுந்தாள். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே எதுவும் அவள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மறுவாழ்வு இல்லத்துக்குப் போனாள், அங்கே சக்கர நாற்காலியில் உட்காரவும் உருட்டவும் கற்றுக்கொண்டாள். கல்யாணம் செய்துகொள்ளாதவள், தனி வீட்டில் மாடியில் குடியிருந்தவள். இனி எங்கே போவாள் என்ற கேள்வி வந்தது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மாஸ்டருக்குக் குழப்பமே இல்லை. நம் வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்றார்.

அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "யாரும் என்னைத் தூக்கக் கூடாது, தள்ளக் கூடாது. நானா வெளியே போகணும், நானா உள்ளே வரணும். அது முடியாதுன்னா இந்த இல்லத்துலயே ஒரு ரூம் தர்றாங்க, இருந்துக்கறேன். ஒருநாள் வந்து பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."

மாஸ்டர் வீட்டின் முன்பக்கம் செங்குத்தான படிகள். அதை அவர் கனவில்கூட நினைக்கவில்லை. பின்பக்கம்தான் வழி. சமையலறைக் கதவைத் திறந்தால் ஒரு குட்டித் தோட்டம், அதைத் தாண்டி ஒரு கேட், கேட்டுக்கு வெளியே சந்து. சமையலறைத் தரையும் சந்தும் ஒரே உயரம். நடுவிலிருக்கும் தோட்டம் மட்டும் பள்ளம். அந்தப் பள்ளத்தின் மேல் ஒரு மரத் தளம் போட்டுவிட்டால் அக்கா சமையலறையிலிருந்து நேராகச் சந்துக்கு உருண்டு போய்விடலாம், திரும்பி வரலாம். இதைக் கண்டுபிடித்தது மனைவி. "டெக் மாதிரி போட்டுடலாங்க" என்றாள். பல வீடுகளில் பார்த்திருக்கிறாளாம்.

டெக் போடுவது என்று முடிவானதும் மாஸ்டருக்கு மண்டை காய ஆரம்பித்தது.

மரக்கடையில் அவர் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். பேச ஆள் கிடைக்காமல் காத்திருந்த மனிதர். "இது மருந்து ஏத்தின பைன். கரையான் கிட்டயே வராது, ஆனா வெட்டின முனைக்கு மறுபடியும் மருந்து பூசணும். இது தேக்கு. அதுலயே எண்ணெய் இருக்கு, மழைக்குப் பயப்படாது, கவனிக்காம விட்டா வெளுத்துப் போகும். இது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செஞ்ச பலகை. எண்ணெய் வேண்டாம், பாலிஷ் வேண்டாம், போட்டுட்டு மறந்துடலாம். அது மூங்கிலை அழுத்திச் செஞ்சது. உங்களுக்கு எது?"

"எல்லாமே நல்லாத்தான் இருக்கு" என்றார் மாஸ்டர்.

"பலகைக்குப் பலகை இடைவெளி விடணும். தண்ணி அது வழியாவே கீழே போயிடும். ஈர மரம்னா நெருக்கிப் போடணும், காயும்போது தானே இடைவெளி விட்டுக்கும். காஞ்ச மரம்னா இடைவெளி விட்டுத்தான் போடணும், மழையில உப்பும்."

"அப்ப இது ஈரமா, காஞ்சதா?"

"நீங்க எதை எடுக்கறீங்கங்கறதைப் பொறுத்தது."

"நீங்க எதை எடுக்கச் சொல்றீங்கங்கறதைப் பொறுத்துத்தானே நான் எடுக்கணும்" என்றார் மாஸ்டர். கடைக்காரர் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் ஊசியும் கையுமாக ஏதோ தைத்துக்கொண்டிருந்தாள். "தேக்குல டெக்கா, டெக்குக்குத் தேக்கா? வேகமா பத்து தடவை சொல்லுங்க, அதுக்குள்ள ஒரு முடிவு வந்துடும்" என்றாள். அவர் நிஜமாகவே சொல்லிப் பார்த்தார். நாலாவது தடவையிலேயே நாக்கு புரண்டது. முடிவு மட்டும் வரவில்லை.

வேறு வழியில்லாமல் மறுநாள் வழக்கமான இடத்துக்கே போனார், அதாவது அக்காவிடம். பல் டாக்டர் ஒருவர் கார் பழகிக்கொண்டிருந்தார். அவரை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு மாஸ்டர் போனை எடுத்தார்.

"அக்கா, டெக் விஷயமா..."

"அதெல்லாம் என்னைக் கேக்காதேடா" என்றாள் அக்கா. அறிவிப்புக் குரல்தான், ஆனால் கொஞ்சம் தூரத்து ஸ்டேஷனிலிருந்து வருவது போல இருந்தது. "இனிமே எதையும் நான் முடிவு பண்றதா இல்ல. உனக்குத் தோணினதைச் செய்."

மாஸ்டர் பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகாத வாக்கியம் அது. அக்கா முடிவு பண்ணமாட்டாள் என்றால் வேறு யார்தான் பண்ணுவது? "சரிக்கா, வேற எதுவும் கேக்கல. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. எப்படி இருக்கணும்?" என்றார். அவர் அதைக் கேட்கும்போதுதான் பல் டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்ய எக்கி, முழங்கையை ஹாரன் மேல் ஊன்றினார். கேள்வியின் வாலை ஹாரன் விழுங்கிவிட்டது. மாஸ்டரின் கால் இல்லாத அவசரத்துக்கு பிரேக்கை மிதித்தது.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அக்கா சொன்னாள்.

"வாட்டமாத்தான்."

மாஸ்டருக்கு உயிர் வந்தது. வாட்டமாக இருக்க வேண்டும். உருட்ட வாட்டமாக, திரும்ப வாட்டமாக, கைக்கு எட்ட வாட்டமாக. ஒரு சொல்லில் எல்லாம் அடங்கிவிட்டதே, அக்கா அக்காதான். "ரொம்ப சரிக்கா, அப்படியே பண்ணிடலாம்" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு போனை வைத்தார்.

அடுத்து அவர் பிடித்த ஆள் ஒரு மேஸ்திரி. மொட்டைமாடிக்கும் குளியலறைக்கும் தளம் போட்டுத் தேறிய கை. மர வேலையில் இறங்கி ரொம்ப நாள் ஆகவில்லை. ஆனால் அதை ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. வந்ததும் தோட்டத்தை ஒரு பார்வை பார்த்தார், குழந்தை விளையாட்டு என்பது போல் உதட்டைப் பிதுக்கினார்.

"யாருக்கு சார் இது?"

இங்கேதான் மாஸ்டர் ஒரு தப்புப் பண்ணினார். சக்கர நாற்காலி என்ற வார்த்தை அவர் வாயில் இன்றுவரை வந்ததில்லை. மனசுக்குள் கூட அவர் அதைச் சொல்லிப் பார்த்ததில்லை. சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் போல ஒரு பயம். அதனால், "எங்க அக்காவுக்கு. நாற்காலியில உக்காந்து வெளியே வருவாங்க, போவாங்க" என்றார்.

"நாற்காலி எதுக்கு சார்? ஓரமா ஒரு பெஞ்சே அடிச்சுக் குடுத்துடறேன், கூடச் செலவில்லாம."

"இல்ல, நாற்காலிதான் அவங்களுக்கு."

"பழக்கம் போல. சரி, வேற ஏதாவது சொன்னாங்களா?"

"ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. வாட்டமா இருக்கணும்னாங்க."

மேஸ்திரியின் முகம் மலர்ந்தது. தண்ணீர் ஓடுவதற்காகத் தளத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துப் போடுகிறார்களே, அதற்குக் கட்டட வேலையில் வாட்டம் என்றுதான் பெயர். இந்தக் காலத்தில் அதை வாய்விட்டுக் கேட்கிற வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார்? "விஷயம் தெரிஞ்ச அம்மா. எல்லாரும் மேல்பூச்சைத்தான் பாப்பாங்க. எவ்வளவு வாட்டம் வேணும்?"

"தாராளமா இருக்கட்டும் மேஸ்திரி. அதுல கஞ்சத்தனமே கூடாது."

"எந்தப் பக்கம்?"

மாஸ்டர் யோசித்தார். வசதிக்குப் பக்கம் உண்டா என்ன? "போற பக்கம்" என்றார். அக்கா சுலபமாக வெளியே போக வேண்டும் என்பதுதானே எல்லாம்.

"சந்துப் பக்கமா. சரிதான், சாக்கடையும் அங்கதான் இருக்கு" என்றார் மேஸ்திரி. இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். ஒருவர் கேட்டது வசதியை, இன்னொருவர் கொடுக்கச் சம்மதித்தது சரிவை. இரண்டு பேருக்குமே மனசு நிறைந்திருந்தது.

பலகை மட்டும் பாக்கி. மாஸ்டர் மறுபடி மரக்கடைக்குப் போய் நின்றார். இந்தத் தடவை கடைக்காரர் வேறு மாதிரி கேட்டார்: "செருப்போட நடப்பாங்களா, வெறுங்காலா? ஏன் கேக்கறேன்னா, கலவைப் பலகை உச்சி வெயில்ல நல்லா சூடேறும். கால் வெச்சதும் எடுத்துடுவாங்க, பெரிசா ஒண்ணும் ஆகாது. தேக்கு அவ்வளவு சுடாது."

கால் வைத்ததும் எடுக்க வேண்டுமானால் சுடுவது தெரிய வேண்டும். அக்காவுக்குத் தெரியாது. நாற்காலியிலிருந்து பாதம் நழுவிப் பலகையில் பட்டால், வெந்துபோனாலும் தெரியாது. கடைக்காரர் அடுத்த பலகையின் பெருமையைத் தொடங்கியிருந்தார். மாஸ்டர் குறுக்கிட்டு, "தேக்கு" என்றார். சொன்ன பிறகுதான் தன் குரல் என்று தெரிந்தது. கடைக்காரருக்கே ஆச்சரியம்.

அதோடு நிற்கவில்லை. பலகைகளைக் கதவிலிருந்து கேட்டுக்கு நீளவாட்டில் போட மேஸ்திரி அடுக்கியபோது, குறுக்கேதான் போட வேண்டும் என்று மாஸ்டர் ஒற்றைக்காலில் நின்றார். டிராம் தண்டவாளத்தில் சைக்கிள் சக்கரம் மாட்டுவது போல இடைவெளியில் சின்னச் சக்கரம் மாட்டிக்கொள்ளும் என்று அவருக்குப் பட்டது. "எந்தச் சக்கரம் சார்?" என்று மேஸ்திரி கேட்டார். மாஸ்டர் பிடி கொடுக்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நாற்காலிக் கால்களில் உருளை இருக்கும் போல என்று மேஸ்திரி தானாக முடிவு செய்துகொண்டு குறுக்கே போட்டார்.

வேலை நடந்த நாட்களில் மாஸ்டர் பெரும்பாலும் காரில்தான் இருந்தார். சாயங்காலம் சமையலறைக் கதவருகே நின்று எட்டிப் பார்ப்பார். கான்கிரீட் கட்டைகள் மேல் கால்கள், கால்கள் மேல் சட்டம், சட்டத்தின் மேல் பலகை என்று வேலை ஏறிக்கொண்டே வந்தது. கடைசியில் எண்ணெய் பூசிவிட்டு, "காயற வரைக்கும் யாரும் மிதிக்கக் கூடாது" என்று மேஸ்திரி கட்டளை போட்டார். கதவிலிருந்து பார்த்தால் தளம் பொன்னிறமாக, தட்டையாகத்தான் தெரிந்தது. நேர் எதிரே நின்று பார்ப்பவனுக்குச் சரிவு தெரிவதில்லை.

அக்கா வருகிற நாள் காலையில் மேஸ்திரி ஒரு வாளித் தண்ணீரோடு வந்தார். "பாருங்க சார்" என்று கதவருகே கவிழ்த்தார். பாதித் தண்ணீர் இடைவெளிகளில் இறங்கியது. மீதி குடுகுடுவென்று கேட்டை நோக்கி ஓடி மறைந்தது. "எப்படி? ஒரு சொட்டு நிக்குதா? வாட்டம்னா இதுதான் வாட்டம். அம்மா கிட்ட சொல்லுங்க."

"பிரமாதம்" என்றார் மாஸ்டர். சொன்ன வாய் மூடவில்லை. உள்ளே ஏதோ இடித்தது. தண்ணீர் ஏன் ஓடியது? தண்ணீர் ஓடினால் நல்லதுதானே. ஆனால் ஓடியதே. அவருடைய வலது கால் காரணமே இல்லாமல் சமையலறைத் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. கால் முன்னாலேயே புரிந்துகொண்டுவிட்டது, தலைக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை. அதற்குள் சந்தில் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

மனைவி ஓடிப்போய் கேட்டைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள்.

வேனிலிருந்து இறங்கி, தன் கையாலேயே சக்கரத்தை உருட்டிக்கொண்டு அக்கா கேட்டுக்கு நேரே வந்தாள். இளைத்திருந்தாள். தலையை மட்டும் எப்போதும் போல வாரி முடிந்திருந்தாள். அவளுடைய முன் சக்கரங்களுக்கு எதிரே தளம் இல்லை. ஒரு சாண் கீழே இருந்தது. கதவருகே சமமாகக் கிளம்பிய தளம் சரிந்து சரிந்து வந்து, கேட்டருகே ஒரு படியாக முடிந்திருந்தது. எந்தப் படி இருக்கக் கூடாது என்பதற்காக இத்தனையும் செய்தார்களோ, அந்தப் படி.

மேஸ்திரி சக்கர நாற்காலியைப் பார்த்தார். பிறகு தளத்தைப் பார்த்தார், பிறகு மாஸ்டரைப் பார்த்தார். "இந்த நாற்காலியா சார்?" என்று மெல்லக் கேட்டார். அவர் முகத்தில் இருந்த பெருமையெல்லாம் வாளித் தண்ணீர் போன வழியிலேயே போய்விட்டது.

வேன் டிரைவர், "நான் தூக்கி இறக்கிடறேம்மா" என்று முன்னால் வந்தார். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். மிச்சமிருந்த பலகைகளைக் கொண்டுவந்து மேஸ்திரி சரிவாகச் சேர்த்து வைத்து, இரண்டு பக்கமும் முழங்காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டார். அக்கா அந்தப் பலகைகளில் அங்குலம் அங்குலமாக இறங்கினாள். இறங்கியது பெரிசில்லை. இனி சமையலறை வரை ஏற வேண்டும்.

ஏறினாள். கழுத்து நரம்பு புடைக்க ஒரு தள்ளு, மூச்சு வாங்க ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு தள்ளு. மாஸ்டர் கதவருகே சிலையாக நின்றார். ஓடிப்போய்ப் பிடிக்கலாமா, கூடாதா? பிடித்தால் நிபந்தனை உடையும், பிடிக்காவிட்டால்? பாதி தூரத்தில் அக்காவின் கைகள் சோர்ந்தன. நாற்காலி பின்னால் நழுவியது. மாஸ்டரின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. அங்கே பிரேக் ஏது. அக்காதான் சக்கரத்தோரம் இருந்த ஒரு கம்பியை இழுத்து நாற்காலியை நிறுத்தினாள்.

அப்படியே நடுச் சரிவில் உட்கார்ந்திருந்தாள். மேலேயும் போக முடியவில்லை, வெளியேயும் போக முடியவில்லை. குனிந்து பலகையை விரலால் தடவினாள்.

"தேக்கா?"

"ஆமாக்கா."

"வெயில்ல சுடல. யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானாத்தான் எடுத்தேன்."

"பலகை குறுக்கே போட்டதும்?"

"நான்தான்."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இவ்வளவு யோசிச்சவன் ஏண்டா இப்படிச் சாச்சு வெச்சே? மேல ஏறவும் முடியல, வெளியே போகவும் முடியல. என்னடா நினைச்சுப் போட்டே?"

இனி என்ன, இல்லத்து ரூம்தான் என்று நினைத்தபோது மாஸ்டருக்கு நெஞ்சு வலித்தது. அதோடு கொஞ்சம் கோபமும் வந்தது. "நீதானேக்கா சொன்னே, வாட்டமா இருக்கணும்னு? மேஸ்திரி அதைச் சரிவுன்னு எடுத்துக்கிட்டார், நான் வசதின்னு எடுத்துக்கிட்டேன். இப்ப அது எதுன்னு எனக்கே தெரியல. நீ எந்த வாட்டத்தைச் சொன்னே?"

"நான் எப்படா சொன்னேன்? டெக் பத்தி நான் வாயே திறக்கலையே."

"போன்ல சொன்னே. ஒண்ணே ஒண்ணு சொல்லுன்னு கேட்டேன். எப்படி இருக்கணும்னு கேட்டேன். வாட்டமாத்தான்னே."

எத்தனையோ வருஷம் ஒரு வார்த்தையும் பிசகாமல் ஊருக்கே வழி சொன்ன குரல், இப்போது எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தடுமாறியது.

"எப்படி இருக்கணும்னா கேட்டே?" என்றாள் கடைசியில். "ஏதோ ஹாரன் சத்தம். எனக்கு எப்படி இருக்கேன்னு கேட்ட மாதிரி இருந்ததுடா."

மாஸ்டர் அவளைப் பார்த்தபடி நின்றார். கொஞ்சம் கொஞ்சமாக அவருக்கு விளங்கியது.

"விழுந்ததுலேருந்து எல்லாரும் வலி இருக்கா, சாப்பிட்டியா, மருந்து போட்டியான்னுதான் கேட்டாங்க. எப்படி இருக்கேன்னு யாரும் கேக்கல. நீ கேட்டேன்னு நினைச்சேன். ரொம்ப நேரம் யோசிச்சு, சரி, இவன் கிட்டயாவது சொல்லிடலாம்னு சொன்னேன். வாட்டமாத்தான் இருக்கேன்னு." அவள் சிரிக்கப் பார்த்தாள். "நீ என்னடான்னா, ரொம்ப சரிக்கா, அப்படியே பண்ணிடலாம்னு சந்தோஷமா சொல்லிட்டு வெச்சுட்டே. எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. பைத்தியமாயிட்டானான்னு நினைச்சேன்."

கேட்டருகே நின்றிருந்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. மேஸ்திரி வாளியை எடுத்துக்கொண்டு, ஸ்க்ரூவைக் கழற்றிக் கால்களை உயர்த்திச் சமமாக்கிவிடலாம், நாளைக்கே தொடங்கிவிடலாம் என்று யாரிடமோ சொல்வது போல முணுமுணுத்தார்.

மாஸ்டருக்கு வெட்கமாக இருந்தது. பைனா, தேக்கா, மூங்கிலா, ஈரமா, காஞ்சதா என்று ஊரெல்லாம் கேட்டு அலைந்தவர் அவர். கேட்க வேண்டிய ஒரே கேள்வியை ஒரு பல் டாக்டரின் முழங்கை தவறுதலாகக் கேட்டிருக்கிறது. அதற்கு அக்கா உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அவரோ அதை மேஸ்திரியிடம் கொடுத்துத் தோட்டத்தில் போட்டுவிட்டார்.

அவர் சரிவில் இறங்கி வந்தார். அக்காவைத் தொடவில்லை, தள்ளவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில், பலகை மேல் சப்பணமிட்டு உட்காரப் போனவர், மனசு கேட்காமல் வலது காலை மட்டும் நீட்டிப் பின் சக்கரத்துக்குக் கீழே முட்டுக் கொடுத்தார்.

"எப்படிக்கா இருக்கே?" என்றார்.

அக்கா கேட்டுக்கு வெளியே காத்திருந்த வேன் டிரைவரைப் பார்த்தாள். "நீங்க போங்க. வண்டி இனிமே வேண்டாம்" என்றாள். இந்த வாக்கியம் பழைய குரலில், தெளிவாக வந்தது. அதற்குப் பிறகு அந்தக் குரல் உடைந்தது. அவள் அழுது மாஸ்டர் இதற்கு முன் பார்த்ததில்லை. என்ன செய்வது, கையைப் பிடிப்பதா, தண்ணீர் கொடுப்பதா, பேசாமல் இருப்பதா என்று அவருக்கு எதுவும் விளங்கவில்லை. அதனால் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். அக்கா பேச ஆரம்பித்தாள். விழுந்த நாளைப் பற்றி, ராத்திரிகளைப் பற்றி, தன் காலைத் தானே தூக்கி வைக்கும்போது அது வேறு யாருடையதோ போல இருப்பதைப் பற்றிச் சொன்னாள். அவர் ஒரு வார்த்தையும் விடாமல் கேட்டுக்கொண்டார்.

வெயில் தளத்தைத் தாண்டிச் சுவரில் ஏறியது. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே பார்த்தாள்.

"காலை எடுடா. இதுல பிரேக் இருக்கு."

"இருக்கட்டும்க்கா" என்றார் மாஸ்டர். எடுக்கவில்லை.